வல்லம் ரோட்டில் எங்கள் வண்டிக்கு வந்த வெளிச்சம்

இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷம், மழை ஓய்ந்து பனி தொடங்கிய நேரம். என் வீட்டுக்காரர் தாவீது ஒரு மனுஷனை வண்டியில் இடித்துவிட்டார். அந்த மனுஷனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் என் வீட்டுக்காரர் அன்றைக்கே பாதி செத்துப்போனார். என் சாட்சியை அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

என் பேர் எஸ்தர். ஊர் பிள்ளைப்பாக்கம். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், எல்லாருக்கும் தெரியும். ஆண்டவர் செய்ததை மனதுக்குள் பூட்டி வைக்க என்னால் ஆகாது, அதனால் பொறுமையாகக் கேளுங்கள்.

எங்களிடம் ஒரு பழைய பிக்கப் வண்டி இருந்தது. ஒரகடத்தில் கம்பெனிப் பிள்ளைகள் தங்கும் ஹாஸ்டலுக்குக் காலை டிபன் நாங்கள்தான் கொடுத்தோம். நான் சமைப்பேன், அவர் ஓட்டுவார், நானும் பக்கத்தில் உட்கார்ந்து போவேன். முதல் ஷிப்ட் பஸ் வருவதற்குள் இட்லி போய்ச் சேர வேண்டும் என்பதால் விடியும் முன்பே கிளம்புவோம். அந்த நாளில் வல்லம் ரோட்டில் பேருக்குக்கூட ஒரு விளக்கு கிடையாது. கம்பெனிகள் வந்துகொண்டே இருந்தன, ரோட்டுக்கு மட்டும் வெளிச்சம் வரவில்லை.

அன்றைக்கு நைட் ஷிப்ட் முடித்து ஒரு வாலிபர் ஏரிக்கரை வளைவில் ரோட்டோரமாக நடந்து வந்திருக்கிறார். கருநீல யூனிபார்ம். இருட்டோடு இருட்டாக இருந்தார். கிட்டே போன பிறகுதான் பார்த்தோம். என் வீட்டுக்காரர் பிரேக்கை மிதித்தார், சாம்பார் அண்டா கவிழ்ந்தது, வண்டியின் பக்கத்துக் கண்ணாடி அந்த வாலிபர் தோளில் பட்டு ஆள் வயலுக்குள் விழுந்தார்.

"எஸ்தரு, நீ இறங்கிப் பாரு. எனுக்குக் காலு வரல" என்றார் இவர்.

நான் இறங்குவதற்குள் அந்த வாலிபர் சேற்றோடு எழுந்து வந்துவிட்டார். "கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு? ஆளு வாரது தெரியலயா?" என்று திட்டினார். தெற்கத்திப் பேச்சு, பொடதி என்றால் பின்னந்தலையாம். அவர் திட்டினது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா! திட்டுகிற அளவுக்கு உயிர் இருக்கிறதே என்று அங்கேயே ஸ்தோத்திரம் சொன்னேன். அவர் சட்டையைத் தட்டிக்கொண்டு நடந்து போய்விட்டார்.

என் வீட்டுக்காரருக்கு அது போகவில்லை. சாவியைத் தொட்டாலே கை நடுங்கியது. பகலில் ஓட்டுவார். இருட்டில் மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். "இன்னிக்கு வயல்ல வுழுந்தான், எழுந்தான். நாளைக்கு ஒர்த்தன் எழுந்திருக்கலன்னா? அவன் அம்மா மூஞ்சில நான் எப்டி முழிப்பேன்?" என்பார். டிபனை ஆட்டோவில் அனுப்பினோம். அது விடிந்த பிறகுதான் வரும். முதல் ஷிப்ட் பிள்ளைகள் வெறும் வயிற்றோடு பஸ் ஏறினார்கள். வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று ஹாஸ்டல் வார்டன் சொல்லிவிட்டார். இவர் வண்டியை விற்றுவிட்டு வாட்ச்மேன் வேலைக்குப் போகிறேன் என்றார். சபையில் கணீரென்று பாடுகிற மனுஷன், பாட்டுப் புஸ்தகத்தைத் திறக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்துத்தான் நான் அழுதேன். தொழில் போனால் இன்னொரு தொழில் கிடைக்கும், என் தாவீது எனக்கு எங்கே கிடைப்பார்?

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் சொல்லி அழுதேன். எங்கள் சரோஜா அக்கா உடனே, "அது பயத்தோட ஆவி எஸ்தரு. அந்த ஏரிக்கரை வளைவுலதான் புடிச்சிகினு கீது" என்றார். அவ்வளவுதான். தொண்டை கட்டுகிற வரைக்கும் அந்த ஆவியைத் துரத்தினோம். ஆவி போனதோ என்னவோ, அவர் நடுக்கம் போகவில்லை.

எங்கள் போதகர் ஐயா ஒரு நாள் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீட்டுக்கு வந்தார். ஜெபம் பண்ணுவார் என்று நான் பாயை விரித்தேன். அவர் உட்காரவே இல்லை. "வண்டி எங்கம்மா? தாவீது, லைட்டைப் போடு" என்றார். வெள்ளை வேட்டி சட்டையோடு வண்டிக்கு எதிரே போய் நின்றார்.

"நான் தெரியுறனா?"

"மங்கலா தெரியுறீங்க ஐயா."

"நல்லாப் பாருப்பா, பத்தடிகூட இல்ல. நானே மங்கலா தெரிஞ்சா, கறுப்பு சட்டை போட்டுகினு வர்றவன் எப்டி தெரிவான்?" என்றார் ஐயா. பிறகு என் பக்கம் திரும்பி, "உன் வூட்டுக்காரருக்கு ஆவியும் இல்ல, ஒண்ணும் இல்ல. பார்க்க முடியாம ஓட்டுறவன் பயந்துதான் ஆவணும். வெளிச்சம் வேணும்னு கேளுங்கம்மா" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. ஹெட்லைட்டுக்குள் இருக்கிற கிண்ணம் கறுத்துப்போய், வெளிக் கண்ணாடி மஞ்சள் பூத்துக் கிடந்தது. தினம் அந்த வண்டியில் போகிறேன், ஒரு நாள்கூட அதைக் குனிந்து பார்த்ததில்லை. அன்றைக்கு மூன்று பேரும் வண்டி முன்னாலேயே முழங்கால் போட்டு, "ஆண்டவரே, இந்த வண்டிக்கு லைட் கொடும்" என்று ஜெபித்தோம்.

இவர் ஸ்ரீபெரும்புதூரில் சொல்லிவைத்து, இருப்பதிலேயே பெரிய பல்பாக இரண்டு வாங்கி வந்தார். எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. புதுசாக எது வாங்கினாலும், பிள்ளையின் ஸ்கூல் பையானாலும் சரி, தையல் மிஷினானாலும் சரி, ஜெபத்துக்குக் கொண்டுவந்து எண்ணெய் பூசிக் கைவைத்து ஜெபிப்போம். பல்பை விடுவோமா? டப்பாவைத் திறந்து வெளியே எடுத்து, கண்ணாடியில் எண்ணெய் தொட்டு வைத்து, சகோதரிகள் எல்லாரும் ஆளுக்கு ஒரு விரல் வைத்து ஜெபித்தோம். மாட்டிக்கொடுத்த எலக்ட்ரீஷியன் துணியை எடுத்தார். "தொடைச்சிடாதீங்கண்ணே, அது ஜெபம் பண்ண எண்ணெய்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அப்படியே மாட்டிவிட்டார்.

மறுநாள் விடியற்காலை லைட்டைப் போட்டால், அப்பா! தெருவே கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. இவர் முகத்தில் சிரிப்பு வந்தது. சாவியைப் பிடித்த கை ஆடவில்லை. நான் பாட்டே பாட ஆரம்பித்துவிட்டேன். வல்லம் தாண்டியிருப்போம், டப்பென்று ஒரு சத்தம். ஒரு பக்கம் அணைந்தது. என்ன ஏது என்று பார்ப்பதற்குள் ஒயர் தீய்கிற நாற்றம். இன்னொரு பக்கமும் போய்விட்டது. கண்ணில் விரலை விட்டாலும் தெரியாத இருட்டு. இவர் எப்படியோ வண்டியை ஓரம் கட்டி நிறுத்தி, ஸ்டீயரிங்கில் தலையை வைத்துவிட்டார்.

"பாத்தியா எஸ்தரு, ஆண்டவரே வாணாம்னு சொல்றாரு. உட்டுடு."

எனக்கு வந்த ஆத்திரத்தில் ஆண்டவரிடமே சண்டை போட்டேன். "உம்மிடத்தில்தானே கேட்டோம்! ஏன் இப்படிப் பண்ணினீர்? யாரையாவது அனுப்பும், இப்பவே அனுப்பும்" என்று சத்தம் போட்டேன்.

பின்னாலிருந்து செல்போன் டார்ச் ஒன்று ஓடி வந்தது. "அண்ணாச்சி, புகை வருது, இறங்குங்க!" என்று கத்திக்கொண்டே ஒருவர் வந்து, முன்பக்க மூடியைத் தூக்கி பேட்டரி ஒயரைப் பிடுங்கிப் போட்டார். புகை அடங்கியது. டார்ச் வெளிச்சத்தில் வண்டியின் பக்கத்துக் கண்ணாடியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "இந்தக் கண்ணாடிதான என்னைய வயல்ல தள்ளுனது?" என்றார்.

அவரேதான். தென்காசிப் பக்கத்துக்காரர், பேர் இசக்கிமுத்து. என் வீட்டுக்காரர் அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். ஒரு மாதமாக அடக்கி வைத்த அழுகை. இசக்கி பதறிப்போனார். "விடுங்க அண்ணாச்சி, நான் நல்லாத்தான இருக்கேன். தோளு வலிகூட அன்னைக்கே போயிட்டு" என்றார்.

அந்தப் பிள்ளைக்கு என்ன வேலை தெரியுமா? வண்டிகளுக்கு ஒயரிங் கட்டுகிற கம்பெனியில் லைனில் நிற்கிறார்! எனக்குப் புல்லரித்துப்போய்விட்டது. உடைந்த பல்பை வெளியே எடுத்துத் தடவிப் பார்த்தவர், "ஏக்கா, இதுல எண்ணெய் தடவுனது யாரு?" என்றார். நான் விஷயத்தைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார். இந்த மாதிரி பல்பின் கண்ணாடியில் விரல் படக்கூடாதாம். எண்ணெய் பட்ட இடம் மட்டும் அதிகமாகச் சூடேறி வெடித்துவிடுமாம். "சாமி கும்பிடுங்க, வேண்டாங்கல. டப்பாக்கு மேலயே கும்பிடுங்க" என்றார். இன்னொன்றும் சொன்னார். பெரிய பல்புக்கு வேண்டிய கரண்டை எங்கள் வண்டியின் பழைய மெல்லிய ஒயர் தாங்காதாம். அதுதான் தீய்ந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவருக்கு லீவு. ஆராதனை முடிகிற நேரத்துக்கு சபைக்கே வந்துவிட்டார். பேட்டரியிலிருந்து தடித்த ஒயர் இழுத்து, நடுவில் ரிலே என்கிற சின்ன சுவிட்ச் டப்பா வைத்து, கிண்ணமும் கண்ணாடியும் மாற்றி, அளவான பல்பைக் கை படாமல் துணியில் பிடித்து மாட்டினார். இருட்டியதும் வண்டியைச் சபைச் சுவருக்கு நேரே நிறுத்தச் சொன்னார். வெளிச்சம் எதிரே வருகிறவன் கண்ணில் அடிக்காமல் ரோட்டில் விழ வேண்டுமாம். சுண்ணாம்பு அடித்த சுவரில் போதகர் ஐயா சாக்பீஸால் கோடு போட, இசக்கி திருகித் திருகி வெளிச்சத்தை அந்தக் கோட்டுக்குக் கீழே இறக்கினார். சகோதரிகள் எல்லாரும் சுற்றி நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஜெபித்தோம்!

திங்கட்கிழமை விடியும் முன் கிளம்பினோம். நான் வாய் திறக்கவில்லை, அது எவ்வளவு பெரிய அற்புதம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஏரிக்கரை வளைவு வந்தது. கம்பெனி பஸ் இறக்கிவிட்டுப் போன பெண் பிள்ளைகள், நைட் ஷிப்ட் முடித்த களைப்பில் தோளோடு தோள் சாய்ந்து ரோட்டிலேயே நடந்து வந்தார்கள். இவர் தூரத்திலேயே அவர்களைப் பார்த்துவிட்டார். வேகத்தைக் குறைத்து, லைட்டைத் தாழ்த்தி, ஒதுங்கி நிறுத்தினார். அவர்கள் பேசிச் சிரித்துக்கொண்டே எங்களைக் கடந்து போனார்கள். கடைசிப் பெண் போகிற வரைக்கும் இவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எல்லாரும் தெரிஞ்சாங்க எஸ்தரு. ஒவ்வொருத்தர் மூஞ்சியும் தெரிஞ்சுது" என்றார். பிறகு கியரைப் போட்டுக்கொண்டே பாட ஆரம்பித்தார். ஒரகடம் வரைக்கும் நிறுத்தவே இல்லை.

அன்றைக்கு முதல் ஷிப்ட் பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினார்கள். வார்டன் வேறு ஆள் தேடவில்லை. இசக்கி ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் சாப்பிடுவார், கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போனால் எங்களுக்கு அல்வா வாங்கி வருவார். எங்கள் பிள்ளை மாதிரி ஆகிவிட்டார். நாங்கள் தள்ளிவிட்டுப் போன மனுஷனையே எங்களைத் தூக்கிவிட அனுப்பின தகப்பனை நான் எந்த வாயால் புகழ்வேன்?

இதைக் கேட்கிற சகோதரனே, சகோதரியே, உங்கள் வீட்டில் யாராவது பயந்து சுருண்டு கிடக்கிறார்களா? அவர்களைக் குறை சொல்லாதீர்கள். கிட்டே போய் உட்கார்ந்து, என்ன தெரியவில்லை என்று கேளுங்கள். பிறகு அதைப் பேர் சொல்லி ஆண்டவரிடம் கேளுங்கள், கோபம் வந்தால் சண்டை போட்டாவது கேளுங்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். நான் போட்டேன், எனக்கு என் வீட்டுக்காரரைத் திருப்பிக் கொடுத்தார்.