டீ குடிக்க நின்ற விமானம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, திருச்சி விமான நிலையத்திலிருந்து சிங்கப்பூருக்குத் தனியாகப் போனேன். அங்கே இருக்கும் மகளுக்கு முதல் பிரசவம். எந்த நேரமும் வலி வரலாம் என்று சொல்லியிருந்தார்கள். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை. நான் போய்ச் சேர்ந்தால்தான் அவளுக்குத் துணை. எனக்கோ அதுதான் முதல் விமானம்.

எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். ஒருமுறை சென்னைக்கு ரயிலில் போகும்போது, தூக்கக் கலக்கத்தில் ஏதோ ஒரு ஸ்டேஷனில் முன்கூட்டியே இறங்கி அழுதுகொண்டு நின்றிருக்கிறேன். அதிலிருந்து டிக்கெட்டில் போட்ட நேரத்துக்கு முன்னால் எங்கேயும் இறங்குவதில்லை.

இந்த டிக்கெட்டில் கிளம்புவது காலை பத்தரை, சேர்வது மாலை ஐந்து. விரல்விட்டு எண்ணினேன், ஆறரை மணி நேரம். மகளோ போனில், "மூவாயிரம் கிலோமீட்டர்தாம்மா, நாலு மணி நேரத்துல வந்துருவ" என்றாள். நான் நம்பவில்லை. பயப்படுகிறவளிடம் எல்லோரும் குறைத்துத்தானே சொல்வார்கள்? பல் பிடுங்கிய டாக்டர்கூட எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கும் என்றுதான் சொன்னார்.

விமான நிலையத்துக்கு வரும் வழியில் கீரனூர் தாண்டும்போது சொல்லத் தொடங்கிய சாமி பெயரை வானத்திலும் விடவில்லை. என் கடிகாரத்தில் இரண்டரை ஆனபோது விமானம் தரையைத் தொட்டது. காது அடைத்திருந்ததால் அறிவிப்பு எதுவும் விளங்கவில்லை. எல்லோரும் பையை எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். வழியில் டீ குடிக்க நிறுத்தியிருக்கிறார்கள் போல என்று நான் உட்கார்ந்தே இருந்தேன். தெரியாத நாட்டில் இறங்கி, விமானம் கிளம்பிவிட்டால் என் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்?

பணிப்பெண் வந்து இங்கிலீஷில் ஏதோ சொன்னார். நான் கடிகாரத்தைக் காட்டி, "அஞ்சு மணி, அஞ்சு மணி" என்றேன். பெல்ட்டைப் பிடித்த கையை எடுக்கவில்லை.

கதவு வரை போய்விட்ட ஒரு அம்மா திரும்பி வந்தார். அறந்தாங்கிப் பக்கத்துக்காரர், சிங்கப்பூரில் ஒரு வீட்டில் சமையல் வேலை.

"ஏக்கா, எறங்கலையா?"

"இன்னும் ரெண்டரை மணி நேரம் கெடக்கேங்க. சிங்கப்பூருல மகளுக்குப் பிரசவம், அங்கதான் எறங்கணும்."

அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "டீ குடிக்க நிப்பாட்ட இது என்ன நம்மூரு பஸ்ஸா? இதான்க்கா சிங்கப்பூரு. இங்கிட்டு மணி அஞ்சு ஆயிருச்சு. நம்மூருலதான் இன்னும் ரெண்டரை. ஒங்க மக சொல்லலையா?"

"நாலு மணி நேரந்தான்னு சொன்னா. நாந்தான் நம்பலை."

அவர் தன் போனில் மணியைக் காட்டிய பிறகுதான் நான் பெல்ட்டை விட்டேன்.

சிங்கப்பூர் வேலை அட்டை இருந்ததால், பாஸ்போர்ட் பார்க்கும் இடத்தில் அவர் வேறு வரிசையில் சீக்கிரம் போய்விட்டார். ஆனாலும் கிளம்பாமல், எனக்காக அந்தப் பக்கம் நின்றார். நடுவில் அவர் முதலாளியம்மா போன் மேல் போன். "கத்தட்டும்க்கா. புள்ள பொறக்குறது என்ன தெனமுமா?" என்று என் பெட்டியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு நடந்தார். கொஞ்ச நேரம் அனுமதி வாங்கி வந்திருந்த மாப்பிள்ளையிடம் என்னை ஒப்படைத்தார். நான் கண்ணைத் துடைத்துத் திரும்புவதற்குள் கூட்டத்தில் மறைந்துவிட்டார். பெயர்கூடக் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் மகளுக்கு வலி வந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு நான் பக்கத்தில் இருந்தேன்.

இப்போது எங்கள் வீட்டில் இரண்டு கடிகாரங்கள். ஒன்று சிங்கப்பூர் மணிக்கு ஓடுகிறது. மத்தியானம் சோற்றில் கை வைக்கும்முன் அதைப் பார்ப்பேன்; பேத்தி என்ன செய்கிறாளோ என்பதோடு, அந்த அம்மா வேலையை முடித்துச் சாப்பிட்டிருப்பாரா என்றும் மனசு தானாகக் கேட்டுக்கொள்கிறது.