கம்பெனி ஃபில்டர் என்று எழுதிய பக்கம்

"மகாளயத்துக்கு மறுநாள், திங்கள். 41,260 கி.மீ. ஆயில் மாற்றியது. ஃபில்டர்: கம்பெனி."

என் காரின் குறிப்பு நோட்டில் உள்ள வரி. கடைசிச் சொல் மட்டும் பொய்.

அன்று டீலரிடம் கார் கம்பெனியின் சொந்த ஃபில்டர் இல்லை. துர்கா பூஜை கழிந்துதான் வரும் என்றார்கள். பூஜை தொடங்கும் சஷ்டியன்றே குடும்பத்தோடு திகா கடற்கரைக்குக் கிளம்ப வேண்டும். டாக்குரியா வட்டாரத்தில் எனக்கு நெடுநாள் பழக்கமான மெக்கானிக் வேறு தயாரிப்பாளரின் வெளி ஃபில்டர் ஒன்றை எடுத்துவந்தார்.

"நல்ல சரக்குதான், காக்கு. ஆனா வழக்கமான தூரத்துல பாதி ஓடினதுமே மாத்திடுங்க. நீங்கதான் தும்மினாலும் தேதி போட்டு எழுதுவீங்களே, இதையும் எழுதிக்குங்க" என்று வங்க மொழியில் சொல்லிச் சிரித்தார். அவருக்கு நான் காக்கு, சித்தப்பா.

எழுதவில்லை. வெளி ஃபில்டர் கூடாதென்று எங்கள் குடியிருப்பில் கார் வைத்திருந்த எல்லோருக்கும் பாடம் எடுத்தவன் நான். என் நோட்டிலேயே அது இருப்பதா?

பங்குனியில் காரை மூன்றாம் மாடியில் குடியிருக்கும் மதுரைப் பெண்ணுக்கு விற்றேன். ஐ.டி. வேலைக்காக வந்தவள். "நோட்டைப் பாத்துதான் வாங்குறேன், அங்கிள். எங்கப்பா என் பொறந்த தேதியைக்கூட இவ்வளவு சரியா எழுதி வைக்கல."

சில வாரங்களில், காலையில் ஸ்டார்ட் செய்ததும் இன்ஜின் கடகடத்தது. அதே மெக்கானிக்கிடம் போனாள். திரும்பி வந்து லிஃப்ட் வாசலில் எல்லோர் முன்னாலும் கொதித்தாள்.

"உங்க ஆளு திருடன், அங்கிள். கம்பெனி ஃபில்டர்னு உங்ககிட்ட சொல்லிட்டு வெளி ஃபில்டரை மாட்டியிருக்கான், பானட்டைத் திறந்ததும் நானே பாத்தேன். மூஞ்சிக்கு நேரா கேட்டுட்டேன். அங்கிள் எழுதியிருக்காருன்னதும் வாயே தொறக்கல."

"அப்படியா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

இரண்டே நாளில் எங்கள் குடியிருப்பில் மூன்று பேர் அவரிடம் போவதை நிறுத்தினார்கள். மூன்றாம் நாள் அவள் வீட்டுக்குப் போய் நோட்டைக் கேட்டு வாங்கினேன். அந்தச் சொல்லை அடித்து, அன்றைய தேதியிட்டு, "வெளி ஃபில்டர். தெரிந்தே மாற்றி எழுதினேன்" என்று எழுதிக் கொடுத்தேன். அவள் இரண்டு முறை படித்தாள்.

"அப்ப நான் அவரைத் திட்டினது?"

 அந்த மூன்று பேரிடமும் போய்ச் சொன்னேன். மறுநாள் அவளும் நானும் டாக்குரியா போனோம். அவள் மன்னிப்புக் கேட்டாள். அன்றைக்கே ஏன் மறுக்கவில்லை என்று நான் கேட்டேன். மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நீங்க எழுதியிருந்தா சரியாத்தான் இருக்கும், காக்கு. உங்ககிட்ட சொல்லாம நான்தான் தப்பா மாட்டிட்டேன் போலன்னு நெனச்சேன்."



அன்று அவர் கம்பெனி ஃபில்டர் போட்டதும் சத்தம் நின்றது. ஆனால் ஆயிலையும் அப்போதே மாற்றினார். பழைய ஃபில்டர் உள்ளே கெட்டிருந்ததா என்று யாரும் அறுத்துப் பார்க்கவில்லை. சத்தம் அந்த வெளி ஃபில்டரால்தான் வந்ததா என்பது உறுதியாகவில்லை.