மூடி உடைந்த புட்டி

கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் அவருக்குப் பெயர் ‘சிட்டிகை’. எதை நிறுத்தாலும் கடைசியில் ஒரு சிட்டிகை கூடப் போடுவார். பதினாறு வருடங்களாகக் கடைநிலைப் பணியாளர். குடுவை கழுவுவார், கரைசல் கலப்பார், மற்ற நேரத்தில் தராசு அறைச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு கஜானாவுக்குக் காவல் இருப்பவர்போல நடப்பார்.

ஆய்வக உதவியாளர் பதவிக்கு ஓர் எழுத்துத் தேர்வு உண்டு. மூன்று முறைதான் எழுதலாம். இரண்டைக் கோட்டைவிட்டாயிற்று. இதுவும் போனால் வெளியிலிருந்து ஆள் எடுப்பார்கள். சாவி அந்த ஆளின் இடுப்புக்குப் போய்விடும். அதை நினைத்தாலே சிட்டிகைக்குச் சோறு இறங்காது.

இரண்டு முறையும் காலை வாரியது ஒரே கேள்வி. 0.1 மோலார் காஸ்டிக் சோடா கரைசல் 250 மில்லி தயாரிக்க எத்தனை கிராம் வேண்டும்? ‘1.1 கிராம்’ என்று ஒற்றை வரியில் எழுதிவிட்டு, மீதி நேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் மனைவி தையல்காரி. துணி வெட்டும் மேசையில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, கத்தரியும் கையுமாகக் கேட்டாள்.

“புத்தகத்துல ஒரு கிராம்னு போட்டிருக்கு. உங்களுக்கு மட்டும் ஒண்ணு புள்ளி ஒண்ணு எங்கேருந்து வந்துச்சு?”

“நான் எப்பவும் அவ்வளவுதான் போடுவேன். கச்சிதமா வரும்.”

“நீங்க போடுறது இருக்கட்டும். கணக்கு என்ன சொல்லுது? முதல்ல, மோல்னா என்ன?”

“டஜன் மாதிரி ஒரு எண்ணிக்கை. ஆனா ரொம்பப் பெரிசு.”

“இந்தச் சோடா ஒரு மோல் என்ன எடை?”

“சோடியம் இருபத்து மூணு, ஆக்சிஜன் பதினாறு, ஹைட்ரஜன் ஒண்ணு. நாப்பது கிராம்.”

“அதை ஒரு லிட்டர்ல கரைச்சா ஒரு மோலார். உங்களுக்கு வேண்டியது அதுல பத்துல ஒரு பங்கு. அப்போ லிட்டருக்கு எவ்வளவு?”

“நாலு கிராம்.”

“லிட்டரா கேக்குறாங்க?”

“கால் லிட்டர்.”

“அப்போ?”

“ஒண்ணு” என்றார், பல்லைப் பிடுங்கிக் கொடுப்பவர்போல.

“நாலு மீட்டர்ல கால் பங்கு ஒரு மீட்டர். இதுக்கா ரெண்டு தடவை மண்ணைக் கவ்வினீங்க?”

“உனக்கென்ன தெரியும்? எங்க புட்டிக்கு மூடி உடைஞ்சிருக்கு. சோடா ஈரத்தை இழுத்து இழுத்துப் பத்துல ஒரு பங்கு தண்ணியாத்தான் இருக்கு. ஒரு கிராம் போட்டா கரைசல் சப்புன்னு போயிடும்.”

அவள் கத்தரியைக் கீழே வைத்தாள்.

“கேள்வித்தாள்ல இருக்கிற புட்டிக்கு மூடி உடையலைங்க!”

தேர்வன்று சிட்டிகை மூன்று வரிகளில் அழகாகப் படிப்படியாக எழுதினார். நாற்பது, நான்கு, ஒன்று. அடிக்கோடும் போட்டார். ஆனால் மனசு கேட்கவில்லை. தாளின் அடியில் பொடி எழுத்தில் சேர்த்தார்: ‘நம் ஆய்வகப் புட்டி என்றால் 1.1.’

மறுநாள் துறைத்தலைவி கூப்பிட்டனுப்பினார். விடைத்தாள் மேசைமேல் இருந்தது. சிட்டிகையின் கை தானாகவே சாவியைத் தடவிப் பார்த்தது.

“இது என்ன?”

“தப்புதான் மேடம். அடிச்சிடுறேன்.”

“எந்தப் புட்டி?”

ஆய்வகத்துக்கு அழைத்துப்போய்க் காட்டினார். உள்ளே சோடா வெல்லக்கட்டிபோல ஒட்டிக் கிடந்தது.

“எத்தனை வருஷமா இப்படி?”

“வாங்குறதையெல்லாம் இதுலதான் கொட்டுவோம் மேடம். எட்டு வருஷம் இருக்கும்.”

துறைத்தலைவி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “எட்டு வருஷமா பசங்களுக்குச் சோதனையில அளவு சரியா வருதே, நான் நல்லாப் பாடம் நடத்துறேன்னு நெனச்சுக்கிட்டிருந்தேனய்யா!”

கேள்விக்கு முழு மதிப்பெண். சிட்டிகை உதவியாளரானார். சாவி இடுப்பிலேயே தங்கிவிட்டது.

பதவியேற்ற அன்றே துறைத்தலைவி புதுப் புட்டி வரவழைத்தார். மூடி திருகினால் கிறீச்சிடும், அவ்வளவு இறுக்கம். சிட்டிகை பெருமையோடு நிறுத்துக் கலக்கினார். அன்று முப்பது மாணவர்களுக்கும் அளவு எகிறிவிட்டது.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் மனைவி கேட்டாள், “எவ்வளவு போட்டீங்க?”

“ஒண்ணுதான் போட்டேன். அப்புறம் கை...”

“அந்தக் கையைப் பாக்கெட்டுக்குள்ள வச்சுக்குங்க.”

இப்போது அவர் வலது கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு இடது கையால் நிறுக்கிறார். ஒரு கிராமுக்கு அரைமணி நேரமாகிறது. ஆனால் சரியாக ஒரு கிராம்.