உளுந்தம் பொட்டும் கழுத்துமணியும்

பங்குனியில் யாரும் எதிர்பாராத மழை. சோம்பல்பட்டு நான் தார்ப்பாய் போடாமல் விட்டிருந்த வைக்கோல் படப்பு அடிவரைக்கும் நனைந்து பூஞ்சை பிடித்துவிட்டது. சங்கரன்கோவில் முழுக்கத் தேடியும் வைக்கோல் கிடைக்கவில்லை. தொழுவத்தில் நின்றது ஒரே பசு, செவலை. கன்று போட்டு ஒன்றரை மாதம்.

எனக்குத் தெரிந்த வழி பருப்பு மில்தான். உளுந்து உடைக்கும்போது கழிகிற தோலைப் பொட்டு என்று மூட்டையாகக் கொடுப்பார்கள். தோல் என்றால் நார்தானே, வைக்கோலுக்குப் பதில் இதுவே போதும் என்று நானாக முடிவு செய்தேன். அந்த மில் பொட்டு மாவு போல இருக்கும். தவிட்டோடு பிசைந்து வைத்தால் செவலை தொட்டியை நக்கித் துடைத்துவிடும். பாலும் குறையவில்லை. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

என் தையல் மெசினுக்கு நேரே ஜன்னல், வெளியே தொழுவம். மதியம் செவலை படுத்து அசைபோட்டால் கழுத்துமணி விடாமல் கிணுகிணுக்கும். அந்தச் சத்தம் நின்றுபோயிருந்தது. அப்பாடா, நிம்மதியாகத் தைக்கலாம் என்றுதான் நினைத்தேன். இதை எழுதும்போது என்னையே அறைய வேண்டும் போலிருக்கிறது.

மூன்றாவது வாரம் பால் சொசைட்டியில் பால் சோதிப்பவர் நிமிர்ந்து பார்த்தார். பனவடலிசத்திரத்துக்காரர், என் தம்பி வயதுதான் இருக்கும்.

“அக்கா, கொழுப்பு இறங்கிக்கிட்டே வருது. மாட்டுக்கு என்ன போடுதீங்க?”

வரிசையில் பத்துப் பேர் நிற்கிறார்கள். எனக்குச் சுருக்கென்றது.

“ஏலே, நான் தண்ணி ஊத்துதேன்னு சொல்லுதியா? மொதல்ல ஒன் மெசினக் கழுவி வையி!”

“தண்ணின்னு நான் சொல்லலியேக்கா. தீனியத்தான கேட்டேன்.”

கேனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த வாரமும் கேட்டார். அப்போதும் கத்தினேன்.

அதற்கு மறுநாள் செவலை தொட்டியைத் தொடவில்லை. சாணி நீராகப் போனது, புளித்த வாடை. மாட்டு டாக்டர் வந்து இடப்பக்க வயிற்றில் காது வைத்துக் கேட்டார்.

“அசைபோட்டு எத்தன நாளாச்சு?”

எனக்குத் தெரியவில்லை.

“எல்லாம் தூளா இருந்தா மறுபடி வாய்க்கு வராதும்மா. நீட்டமா சோளத்தட்டை, வைக்கோல் எதாவது கெடந்தாத்தான் மெல்லும், எச்சி ஊறும். அது இல்லாம வயிறு புளிச்சுப் போச்சு. பால்ல கொழுப்பு எறங்கியிருக்குமே. யாரும் சொல்லலியா?”



மூன்றாம் நாள் காலை செவலை செத்துப்போனது. அதை இழுத்துப்போக வண்டி வந்து நிற்கும்போதுதான் பால் சோதிப்பவர் பைக்கில் வந்தார், பின்னால் ஒரு கட்டு சோளத்தட்டை. சேதி தெரியாமல் வந்திருந்தார். கட்டை இறக்கிச் சுவரில் சாய்த்து வைத்தார். “கன்னுக்கு ஆகும்க்கா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். நான் கத்தியதற்கு இன்றுவரை அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. வெட்கம்.

அந்தக் கன்று இப்போது பசு. பொட்டு இப்போதும் வாங்குகிறேன், ஆனால் சிவகிரிப் பக்கத்து வைக்கோலை வயிறாரத் தின்றபிறகுதான் தொட்டியில் வைப்பேன். கழுத்தில் தாயின் மணி. மதியம் படுத்து அசைபோடுகிறது. ஒரு கவளத்தை விழுங்கி அடுத்ததை மேலே கொண்டுவர அதற்கு நாலைந்து விநாடி ஆகும். அதுவரைக்கும் மணி சத்தம் கேட்காது. மெசினை மிதிக்கிற என் காலும் நின்றுவிடும்.