கயிற்றில் குடியிருந்த குடும்பம்

காலி வீட்டைக் காக்கும் வேலையில் ஒரு சங்கடம் உண்டு: எதுவும் நடக்காவிட்டால் நாம் ஒன்றும் செய்யவில்லை என்று அர்த்தம், ஏதாவது நடந்துவிட்டால் அப்போதும் நாம் ஒன்றும் செய்யவில்லை என்றுதான் அர்த்தம். எங்கோ ஒரு தோட்ட வீட்டைப் பூட்டிவிட்டு வந்து தூக்கம் வராமல் புரள்பவர்களும், என்னைப்போல் அடுத்தவர் வீட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அலைபவர்களும் இதைப் படித்துக்கொண்டே தலையாட்டுவீர்கள் என்று நம்பி எழுதுகிறேன்.

விருந்தாளிக்கு இடமில்லை

வீடு யாங்கோனுக்கு வடக்கே, மிங்கலாடோனைத் தாண்டி ஒரு கிராமத்தில் இருக்கிறது. கீழே செங்கல், மேலே தேக்குப் பலகை, தகரக் கூரை, சுற்றிலும் மாவும் பலாவும், பின்னால் ஆழ்குழாய்க் கிணறும் மோட்டாரும். சொந்தக்காரர் மங்களம் அம்மா, பாங்காக்கில் மகளோடு இருக்கிறார். போகும்போது ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். மழைக்காலம் முடிந்து தான் வரும்போது வீடு வீடாக இருந்தால், பின்பக்க அறையை எனக்கும் அம்மாவுக்கும் விட்டுவிடுவார். யாங்கோனில், தாகேதா பகுதியில் நாங்கள் இருக்கும் வாடகை அறை ஓடையோரம். ஓடையில் தண்ணீர் ஏறினால் அம்மா அரிசிப் பானையைக் கட்டில்மேல் ஏற்றி, தானும் ஏறி உட்கார்ந்துகொள்வார். அந்தப் பின்பக்க அறை எங்களுக்கு என்ன என்பதை இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை.

முதல் நாளே ஊர்த் தலைவரைப் பார்த்து, இரவில் அங்கேயே தங்கிக்கொள்கிறேன் என்று கேட்டேன். இந்த நாட்டில் வெளியாள் ஒருவர் ஒரு வீட்டில் இரவு தங்கினால் பதிவு செய்ய வேண்டும். அவர் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு பொறுமையாகப் பர்மிய மொழியில் விளக்கினார்: “ராத்திரி தங்கினா நீ விருந்தாளி. விருந்தாளின்னா பதியணும். பதியணும்னா வீட்டுக்காரங்க நேர்ல வரணும். வீட்டுக்காரங்க இல்லைன்னுதானே தம்பி நீ வந்திருக்க?”

அப்படியாக, திருடன் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் பஸ் பிடித்து வீட்டுக்குப் போகும் காவல்காரன் ஆனேன்.

மோட்டார் இருக்கா?

தாத்தா சொல்லும் கதைகளில் திருடன் உடம்பெல்லாம் எண்ணெய் பூசிக்கொண்டு வருவான், சுவரில் கன்னம் வைப்பான், கடைசியில் ராஜா அவன் சாமர்த்தியத்தை மெச்சி மந்திரியாக்கிவிடுவார். இங்கே வருகிறவன் ஒரு குறடும் சாக்குப்பையும் எடுத்து வருகிறான். மந்திரியாகும் எண்ணம் அவனுக்கு இருப்பதாகத் தெரியவில்லை. ஒரு காலையில் போய்ப் பார்த்தால் வீட்டிலிருந்து கிணற்றுக்குப் போகும் மின்கம்பி இல்லை. உரித்துப் போட்ட ரப்பர் தோல் மட்டும் பாம்புச் சட்டைபோல் புல்லில் கிடந்தது. செம்புக்காக வந்தவன் செம்பை மட்டும் எடுத்துக்கொண்டு, குப்பையை என்னைக் கூட்டச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். பின்வேலியில் ஓர் ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு மூங்கில் வெட்டப்பட்டிருந்தது.

எனக்கு முன்னால் அங்கே காவலுக்கு இருந்தவரை ஒரு தண்ணீர்த் தொட்டி காணாமல் போனதற்காக அனுப்பிவிட்டார்கள். அதை நினைத்துக்கொண்டே மங்களம் அம்மாவுக்குப் போன் போட்டேன். என் குரல் சாதாரணமாகவே மெல்லிசு. அன்று எனக்கே கேட்கவில்லை. சொல்லி முடித்தேன். “மோட்டார் இருக்கா?” என்றார். இருக்கிறது என்றேன்.

“அப்ப இப்போதைக்கு நீயும் இருக்க, குமாரு” என்றார்.

காதில் விழவில்லை

பகலில் திருடன் வரமாட்டான் என்று ஒரு நம்பிக்கை எனக்கு இருந்தது. உங்களுக்கும் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். நல்ல வெயிலில், மாவிலைச் சருகு கூட்டிக்கொண்டிருந்தபோது, பின்கொட்டகைக் கூரைமேல் ஒரு மனிதன் உட்கார்ந்து தகரத்தின் ஆணியைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். கூரை வேலைக்கு வந்தவனைப்போல அவ்வளவு நிதானம். துடைப்பத்தோடு கொட்டகைக்கு அடியில் போய் நின்றேன். “அண்ணே, கீழே இறங்கிடுங்க” என்றேன். அவன் காதுக்குப் பின்னால் கையை வைத்து, “என்ன?” என்றான். மறுபடி சொன்னேன். மறுபடியும், “என்ன?” கடைசியில் நான் சொல்வதைக் கேட்பதற்காகவே இறங்கி வந்தான்.

பக்கத்தில் வந்து நின்றதும், தகரத்தை விட்டுவிட்டுப் போங்கள், அது போனால் என் வேலையும் போய்விடும் என்றேன். அவன் என்னையும் துடைப்பத்தையும் மேலும் கீழும் பார்த்தான். பிடுங்கிய ஆணிகளை என் கையில் கொட்டினான். நானே போய் முன்கேட்டைத் திறந்துவிட்டேன். அவனை வேலி ஓட்டை வழியாகப் போகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போகும்போது கொஞ்சம் மனவருத்தத்தோடுதான் சொன்னான்: “காவல்காரன்னு முதல்லயே சத்தமா சொல்லியிருந்தா நான் அப்பவே ஓடியிருப்பேனே!”

செருப்பு

மங்களம் அம்மா போன பிறகு கேட்டுக்கு எதிரே தேநீர்க்கடை போட்டவர் மா சான் அக்கா. அவர்தான் வீட்டில் ஆள் இருப்பதுபோல் காட்டச் சொன்னார். சருகைச் சமையலறைப் பக்கம் குவித்து மாலையில் புகைய விட்டேன். சந்தையில் பழைய ஆண் செருப்பு ஒரு ஜோடி, உள்ளதிலேயே பெரிய அளவாகப் பார்த்து வாங்கி, வாசற்படியில் வைத்தேன். அவ்வளவு பெரிய காலுக்குச் சொந்தக்காரன் உள்ளே படுத்திருக்கிறான் என்றால் யார் வருவார்கள்?

மறுநாள் காலை செருப்பு இருந்தது. ஆனால் அது என் செருப்பு இல்லை. வார் அறுந்து நூலால் கட்டிய, குதிகாலில் ஓட்டை விழுந்த வேறொரு ஜோடி, அதே இடத்தில், அதே மாதிரி ஒழுங்காக. நான் அதைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற கோலத்தைப் பார்த்து மா சான் அக்கா கடையை விட்டே வெளியே வந்துவிட்டார். “அழாதடா தம்பி, மரியாதை தெரிஞ்ச திருடன். உங்க வீட்டு ஆளை வெறுங்காலோட விட மனசு வரல பாரு!”

அம்மாவின் தமேன்

அதற்குப் பிறகுதான் எனக்குத் தமேன் நினைவு வந்தது. தமேன் என்றால் இங்கே பெண்கள் இடுப்பில் கட்டும் துணி. கொடியில் காயும் தமேனுக்கு அடியில் ஓர் ஆண் நுழைந்து போனால் அவன் பலமும் பெருமையும் அதோடு இறங்கிவிடும் என்பது இந்த நாட்டு நம்பிக்கை. பஸ்ஸில் அடிதடிக்கு அஞ்சாதவன்கூட சந்துக்குள் ஒரு தமேனைப் பார்த்தால் சுற்றிக்கொண்டு போவான். பின்வேலி ஓட்டையிலிருந்து கிணற்றுக்கு ஒரே பாதை, இரண்டு பக்கமும் முள். குறுக்கே ஒரு கயிறு கட்டினால் போதும்.

பழைய தமேன்கள் வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டபோது, காரணத்தைச் சொல்லாமல் தப்பிக்கப் பார்த்தேன். அம்மா விடவில்லை. சொன்னதும் நெடுநேரம் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, பெட்டியிலிருந்து நல்லதாகவே நாலைந்து எடுத்துக் கொடுத்தார். சாயம் போன துணிக்கு எந்தத் திருடன் பயப்படுவான் என்பது அவர் வாதம். கட்டிவிட்டு வந்த இரவு எனக்குத் தூக்கமில்லை. காலையில் போய்ப் பார்த்தால் ஈர மண்ணில் காலடித் தடம் ஓட்டை வழியாக உள்ளே வந்து, கயிற்றுக்கு ஒரு முழம் முன்னால் நின்று, திரும்பிப் போயிருந்தது. மோட்டார் அப்படியே இருந்தது. உடனே அம்மாவுக்குப் போன் செய்தேன்.

“உங்கப்பாவும் இருந்தாரு, ஒரு நாளாவது என் துணியைப் பார்த்துப் பயந்திருப்பாரா?” என்றார் அம்மா.

பயப்படாத ஒரே விஷயம்

திருட்டுப் போன மின்கம்பியை மாற்ற கோ நைங் வந்தார். சுற்றுவட்டாரத்தில் பேர்போன மின்வேலைக்காரர். மழையில் கம்பம் ஏறுவார். கரண்ட் வந்துவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்ப்பார் என்றுகூட ஊரில் சொல்வார்கள். கிணற்றுப் பாதைக்கு வந்தவர் கயிற்றைப் பார்த்ததும் ஏணியைக் கீழே வைத்தார். குனிந்து போகலாமே என்றேன். குனிந்தால் தலை இன்னும் அடியில் போகுமே என்றார். அதுவும் சரிதான். கடைசியில் நான் ஒரு மூங்கில் கழியால் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கூடையில் போட்டு, கூடையைக் கண்மறைவாக வைத்த பிறகுதான் அவர் ஏணியைத் தொட்டார். வேலை முடிந்து தேநீர் குடிக்கும்போது என் முகத்தில் ஏதோ தெரிந்திருக்க வேண்டும்.

“என்ன பாக்குற? நான் கரண்டுக்குப் பயப்படமாட்டேன் தம்பி. அதுக்கு மட்டும்தான் பயப்படமாட்டேன்.”

காய்ந்ததும் எடு

தமேன் வேலை செய்கிறது என்றதும் எனக்குப் பேராசை பிடித்துவிட்டது. அம்மாவிடம் இன்னும் சில வாங்கி வந்து, முன்பக்கத்திலும் ஒரு கயிறு, சாலையிலிருந்து தெரியும்படி, வரிசையாக. அடுத்த நாளே ஊர்த் தலைவர் வந்து நின்றார். உள்ளே வரவில்லை, கேட்டுக்கு வெளியே நின்று, கயிற்றைப் பார்க்காமல் மாமரத்தைப் பார்த்துப் பேசினார். அவர் முகத்தில் இருந்தது கோபமில்லை. எங்களைப் போலவே அவரும் யாருக்கோ பதில் சொல்ல வேண்டிய ஆள்.

“தம்பி, ரெண்டு மூணு தொங்கினா அது துணி. இப்படி வரிசையாத் தொங்கினா, இந்தக் காலத்துல, போறவன் வர்றவன் அதுக்கு வேற அர்த்தம் பண்ணுவான். அப்புறம், பதியாத பொம்பளைங்க எத்தனை பேரு உள்ள இருக்காங்கன்னு என்னைக் கேப்பான்.” போராட்டத்தின்போது பட்டாளத்தை மறிக்க ஜனங்கள் தெருக்களில் தமேன் கட்டியது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. யாரும் இல்லை என்று சத்தியம் செய்தேன். வெறும் துணிதான், திருடனுக்காக என்றேன். அவருக்கு விஷயம் புரிந்தது. சிரிப்பும் வந்தது, அடக்கிக்கொண்டார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. இவர் ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் வீட்டுக்குள் கால் வைக்க முடியாது. அந்த அறையைக் கனவிலும் நினைக்க முடியாது. நான் அவசர அவசரமாகக் கயிற்றிலிருந்து பாதியை உருவினேன். மற்றதற்கிடையில் ஒரு சட்டையும் இரண்டு துண்டும் போட்டு அதைக் குடும்பக் கொடியாக்கினேன். அவர் தூரமாக நின்று பார்த்து, திருப்தியாகத் தலையசைத்துவிட்டுப் போனார்.

நாலு எட்டு வைத்தவர் திரும்பி வந்து சொன்னார்: “காயப்போடு, வேண்டாங்கல. காய்ஞ்சதும் எடு.”

உள்ளே யார்?

மழை விட்டது. மங்களம் அம்மா வரும் நாளைச் சொல்லவே இல்லை. நான் சமையலறைப் பக்கம் சருகைப் புகைய விட்டுக் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்த ஒரு பகலில் போன் அடித்தது. “குமாரு, எங்க இருக்க? என் வீட்டுல யாரோ குடியேறிட்டாங்கடா!” என்று ஒரே படபடப்பு. எதிர்க்கடையில் உட்கார்ந்துதான் பேசுகிறார். அடுப்புப் புகை, கொடி நிறையத் துணி, வாசலில் செருப்பு எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, கேட்டைத் தொடவே பயந்துபோய் அங்கே உட்கார்ந்துவிட்டார். யாரும் இல்லை அம்மா, நான்தான் இருக்கிறேன் என்றேன். “பின்ன அந்தத் தமேன் யாருது?” என்று கேட்டார். எங்க அம்மாவோடது என்று உண்மையைச் சொன்னேன். அவர் போனை வைத்துவிட்டார். சொல்லாமல்கொள்ளாமல் அம்மாவை அங்கே குடிவைத்துவிட்டேன் என்று நான் சொன்னதுபோல் ஆகிவிட்டது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஓடிப்போய்க் கேட்டைத் திறந்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பின்பக்க அறைக்குத்தான் முதலில் நடந்தார். பாயோ பானையோ கிடக்கிறதா என்று பார்க்கத்தான். சிலந்திவலை தவிர ஒன்றுமில்லை. பிறகு குழாய், கதவு, கூரை, மின்கம்பி, மோட்டார் எல்லாம் பார்த்தார். வேலி ஓட்டைக்கு எதிரில் கயிற்றைப் பார்த்ததும் நின்றார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், என் குரலில், அதாவது இரண்டு தடவை. அவருக்குக் கோபம் அடங்கவில்லை; நேரே எதிர்க்கடைக்குப் போனார், அது மா சான் அக்கா பக்கம் திரும்பியது. “உள்ள ஒரு குடும்பம் இருக்குன்னியே? அந்தப் பொண்ணு வெளிய தலைகாட்ட மாட்டா, புருஷன் முரடன், பெரிய காலுன்னியே?” என்று பர்மிய மொழியில் சண்டைக்கு நின்றார். மா சான் அக்கா அசரவில்லை: “யார் விசாரிச்சாலும் அப்படித்தான் சொல்றேன், மாசக்கணக்கா. வீட்டுக்காரின்னு உங்க நெத்தியில எழுதியா இருந்துச்சு?”

மங்களம் அம்மா அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து ஒரு தேநீர் கேட்டு வாங்கிக் குடித்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன். எனக்கு அதற்குள் தாகேதா அறையில் தண்ணீர் ஏறி இறங்கிவிட்டது. பிறகு எழுந்து, “வாடா” என்று என்னை ஊர்த் தலைவர் வீட்டுக்கு நடத்திப் போனார். தலைவர் மறுபடி விருந்தாளி, பதிவு என்று ஆரம்பித்தார். மங்களம் அம்மா குறுக்கே கை நீட்டி நிறுத்தினார், ‘சயா’ என்று மரியாதை குறையாமல்.

“இவங்க அம்மா துணி ஏற்கனவே என் வீட்டுல குடிவந்தாச்சு, சயா. ஆளையும் எழுதிக்கிட்டீங்கன்னா நான் நிம்மதியாப் போவேன்.”

இப்போது அம்மாவும் நானும் அந்தப் பின்பக்க அறையில்தான் இருக்கிறோம், காலி வீடாக இருந்தபோது திருடன் வந்துவிடுவானோ என்று ஒரு பயம்தான் இருந்தது, குடிவந்த பிறகு, வந்தால் எழுந்துபோய் “யாரது?” என்று கேட்க வேண்டியவன் நானே என்கிற இரண்டாவது பயமும் சேர்ந்துகொண்டது.