அண்ணனுக்கு வைத்த பேனர்

அண்ணனுடைய பதினெட்டாவது பிறந்தநாளுக்கு அவனுடைய கூட்டாளிகள் எங்கள் தெருமுனையில் ஒரு பிளக்ஸ் பேனர் வைத்தார்கள். ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும். நடுவில் அண்ணன் கூலிங் கிளாஸ் போட்டுக் கைகட்டி நின்றான். அந்தக் கண்ணாடி அவனுடையதில்லை, ஸ்டுடியோக்காரர் கம்ப்யூட்டரில் மாட்டிவிட்டது. பின்னால் பீரங்கி, ஹெலிகாப்டர், எதற்கென்றே தெரியாமல் ஒரு சிங்கம். 'பதினெட்டாம் அகவை காணும் எங்கள் வருங்கால ராணுவமே' என்று மஞ்சள் எழுத்து. கீழே மற்ற பையன்களின் தலைகள், தலைக்குத் தலை பெயரும் பட்டப்பெயரும். எல்லாவற்றுக்கும் அடியில் 'சைக்கிள் செட்டு, ராஜபாளையம்'. அம்மா மில்லுக்குப் போகும்போதும் வரும்போதும் அதன் முன்னால் நிற்காமல் போகமாட்டாள். "ஏட்டி, எம்புட்டு அழகா இருக்கான் பாரு" என்று என் கையைப் பிடித்து இழுப்பாள். எனக்கு அந்தச் சிங்கத்தைப் பார்த்துச் சிரிப்பு வரும்.

பள்ளிக்கூடத்தில் அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த சைக்கிளில் சுற்றும் பையன்கள்தான் சைக்கிள் செட்டு. எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவராவது நூல் மில்லில் ஷிப்டு வேலை பார்த்தார்கள். பைக் செட்டு என்பது ஊரின் இன்னொரு பக்கம். லைசென்ஸ் எடுக்கும் வயது வருவதற்கு முன்பே அவர்களுக்கு வண்டி வந்துவிடும். ஒரு மில் முதலாளியின் மகன்தான் அவர்களுக்குத் தலைவன். தண்ணீர் வற்றிய கண்மாயில் யார் கிரிக்கெட் விளையாடுவது என்பதில் தொடங்கி, டியூஷன் வாசலில் யார் முதலில் வண்டியை எடுப்பது என்பது வரை இரண்டு செட்டுக்கும் தகராறுதான். "அரசாங்க வண்டி வருதுடா, வழி விடுங்க" என்று முதலாளி மகன் கேலி செய்வான். "ஆமாலே, நாளைக்கும் நான் அரசாங்க வண்டியிலதான் வருவேன். அப்ப நீ சல்யூட் அடிக்கணும்" என்பான் அண்ணன். அவன் ராணுவ ஜீப்பைச் சொன்னான்.

அப்பா இறந்த பிறகு அம்மாவுக்கு இருந்த ஒரே ஆசை அவனைப் பட்டாளத்தில் சேர்ப்பதுதான். அண்ணனுக்கும் அதே பைத்தியம். விடிவதற்குள் ஓடப் போய்விடுவான். சாயங்காலம் சேத்தூருக்குச் சைக்கிளை மிதிப்பான். அங்கே எங்கள் சர்ச் சபையைச் சேர்ந்த, பட்டாளத்து மாமா என்று எல்லாரும் கூப்பிடுகிற ஒருவர், ஆளெடுப்புக்குப் போகும் பையன்களுக்குப் பயிற்சி கொடுத்துவந்தார். "உம் மவன் ஓட்டத்துல பாஸாயிருவான் தாயி, கவலைப்படாத" என்று அவர் அம்மாவிடம் சொன்ன நாளில் எங்கள் வீட்டில் கறி எடுத்தோம்.

பேனர் வைத்த அடுத்த வாரம் பைக் ஒன்று எங்கள் பையன் ஒருவனின் சைக்கிளை இடித்துத் தள்ளியது. சக்கரம் வளைந்து போயிற்று. மறுநாள் சாயங்காலம் சைக்கிள் செட்டு கண்மாய்க்கரையில் காத்துக் கிடந்தது. கம்பும் ஸ்டம்புமாக அடித்துக்கொண்டதில் முதலாளி மகனின் மண்டை உடைந்து, மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அந்த நேரத்தில் அண்ணன் சேத்தூரில் ஓடிக்கொண்டிருந்தான்.

முதலாளி வீட்டிலிருந்து வந்த புகாரில் தனிப் பெயர் எதுவும் இல்லை. 'சைக்கிள் செட்டு' என்று மட்டும் இருந்தது. போலீஸ்காரர்களுக்கு அது ஒரு சிரமமாகவே இல்லை. தெருவுக்குள் வந்தார்கள், பேனரைச் செல்போனில் படம் எடுத்தார்கள், அதைப் பார்த்து வீடு வீடாகக் கதவைத் தட்டினார்கள். அம்மா கும்பிட்டுக்கொண்டே, "ஐயா, அவன் அங்க போகவே இல்லய்யா" என்றாள். "பெரிய படமே இவன் படம்தானம்மா" என்றார் வந்தவர். "மத்தவன்லாம் சின்னப் பையனுக. இவனுக்குத்தான் பதினெட்டு ஆயிருச்சுன்னு நீங்களே எழுதி வச்சிருக்கீங்க." பைக் செட்டுக்கு ஊரில் எங்கேயும் பேனர் கிடையாது. அவர்கள் பெயரை எழுதி வைத்துத்தான் யாருக்கும் தெரியவேண்டும் என்றில்லை. உடைந்த சைக்கிளுக்குப் புகார் கொடுக்கப் போன பையனின் அப்பாவைத் திட்டி அனுப்பினார்கள்.

மற்ற பையன்கள் சிறுவர்களுக்கான விசாரணையில் புத்திமதியோடு தப்பினார்கள். அண்ணன் மேல் மட்டும் கொலை முயற்சி வழக்கு. அவன் வரவில்லை என்று கூட்டாளிகள் சொன்னதைக் கூட்டாளிகள் பேச்சு என்றும், சேத்தூரில் இருந்தான் என்று பட்டாளத்து மாமா போய்ச் சொன்னதை வேண்டியவர் பேச்சு என்றும் தள்ளிவிட்டார்கள். அடித்தவன் யார் என்று அண்ணனுக்குத் தெரியும். பேனருக்காக ஓடியாடி அலைந்தவன் அவன்தான். "அவனக் காட்டிக்குடுத்தா எனக்கு என்ன திரும்பக் கெடைக்கும்?" என்று ஒருமுறை என்னிடம் கேட்டான். பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

அண்ணன் ஜாமீனில் வந்த பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு வாய்தா வாய்தாவாக அலைந்தோம். பஸ்ஸில் போகும்போது கோபுரம் தெரிந்தால் மற்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அம்மா கேஸ் காகிதம் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள். வழக்கு நிலுவையில் இருக்கும்வரை ராணுவம் சேர்க்காது. ஒவ்வொரு ஆளெடுப்பாக வந்து போனது. அண்ணன் லோடு வேன் ஓட்டக் கிளம்பினான். ஆளெடுப்புக்கான வயது வரம்பைத் தாண்டிய அன்று, "அம்மாட்ட சொல்லாத. கேஸ் முடியட்டும், பொறவு சொல்லிக்கிடுவோம்" என்றான்.

போன மாதம்தான் முடிந்தது. வெளிநாட்டில் வேலை பார்க்கிற முதலாளி மகன் சாட்சி சொல்ல வந்தான். "என்னை அடிச்சது இவன் இல்ல. இவன் அன்னைக்கு அங்க வரவே இல்ல" என்றான். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "என்கிட்ட யாரும் கேக்கல. எல்லாம் அப்பா பாத்துக்கிட்டாரு" என்றான். எனக்கு எழுந்துபோய் அவனை அறையலாம் போலிருந்தது. விடுதலை என்று தீர்ப்பு வந்த அன்றும் அவன் வெளியே வேப்பமரத்தடியில் நின்றான். அண்ணன் பக்கத்தில் போய், "தலவலி எதுவும் வருதா இப்ப?" என்று கேட்டான். "வெயில்ல போனா வரும்" என்றான் அவன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில், கிடைத்த நன்மையைச் சபைக்குச் சாட்சியாகச் சொல்ல விரும்புகிறவர்கள் எழும்பலாம் என்று போதகர் ஐயர் சொன்னதும் அம்மா எழுந்துவிட்டாள். புதுச்சேலை கட்டியிருந்தாள். வீட்டில் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "எம் மவன் மேல இருந்த கேஸ கர்த்தர் ஒடச்சுப் போட்டாரு. இனிமே அவன் பட்டாளத்துக்குப் போவான். எல்லாரும் அவனுக்காக ஜெபம் பண்ணிக்கிடுங்க" என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

சபை முழுக்க அண்ணனை ஞானஸ்நானத்திலிருந்து தெரிந்தவர்கள். அவன் வயது யாருக்கும் தெரியாததில்லை. முன்வரிசையில் இருந்த பட்டாளத்து மாமா தலையைக் குனிந்துகொண்டு மெதுவாக, "ஆமென்" என்றார். அதன் பிறகு சபையே சொன்னது. ஆண்கள் பக்கத்தில் அண்ணன் நேராக அம்மாவைப் பார்த்தபடி எழுந்து நின்றான். அவனும் சொன்னான்.