ருசி பார்க்காத காபி

என் அண்ணி ஒரு பெரிய அலுவலகத்தில் காபி போடுகிறவர். ஆறு மாடி, நூற்று எண்பது பேர், காலையிலிருந்து மாலைக்குள் எட்டு தடவை. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு கோப்பைகூடத் திரும்பி வந்ததில்லை என்று சொல்லும்போது மட்டும் அவர் முகத்தில் கொஞ்சம் கர்வம் தெரியும். மற்றபடி வாயில்லாப்பூச்சி. நான் நேர்மாறு. தையல்காரி, என் கத்தரிக்கோலைவிட நாக்குக்குத்தான் கூர் அதிகம் என்பான் அண்ணன்.

போன வருஷம் என் கல்லீரல் கைவிட்டது. யாராவது தங்கள் கல்லீரலில் ஒரு பகுதி கொடுத்தால்தான் பிழைப்பேன் என்றார் டாக்டர். அண்ணனுடைய ரத்த வகை பொருந்தவில்லை. வீட்டில் எல்லோரும் ஆளுக்கொரு மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, "என்னோடது சேருமான்னு பாருங்களேன்" என்றார் அண்ணி. கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்பதுபோல் சாதாரணமாகத்தான் சொன்னார்.

சேர்ந்தது. ஆனால் அண்ணியின் கல்லீரலில் கொழுப்பு படிந்திருந்தது. "மூணு மாசத்துல எட்டு கிலோ குறைங்க. ஸ்கேன் சுத்தமா இருந்தா எடுத்துக்கலாம். அதுக்கு மேல இவங்களால காத்திருக்க முடியாது" என்று டாக்டர் என்னைக் காட்டினார்.

மருத்துவமனையின் உணவு ஆலோசகர் சின்னப் பெண். ஒரு நோட்டைக் கொடுத்து, சாப்பிடுவது குடிப்பது எல்லாவற்றையும் எழுதச் சொன்னாள். "காபிக்கு என்ன வழி?" என்று நான் வம்புக்குக் கேட்டேன்.

"பால், சர்க்கரை இல்லாம தாராளமா குடிக்கலாம்."

"அதுக்கு மருந்தே குடிச்சிடலாம்" என்றார் அண்ணி. மூன்று கரண்டி சர்க்கரையோடு தினம் இரண்டு வேளை குடித்துக்கொண்டிருந்த காபியை அன்றைக்கே விட்டார்.

விடிவதற்குள் எழுந்து ஒரு மணி நேரம் நடை. திரும்பி வந்து சமையலறை நாற்காலியில் முப்பது தடவை உட்கார்ந்து எழுவார், முழங்கால் சடக்சடக்கென்று சொடுக்கும். அலுவலகத்தில் லிஃப்டை விட்டுவிட்டு ஃபிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு ஆறு மாடியும் படியேறினார். வயது ஐம்பத்தொன்று. படுத்தபடியே இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்க எனக்கு வெட்கமாக இருக்கும். ஆறு வாரத்தில் ஐந்து கிலோ இறங்கியது. அவருடைய சீருடைச் சட்டையை இரண்டு தடவை பிடித்துத் தைத்தேன்.

அதற்கப்புறம் எடை மெஷினின் முள் நகரவில்லை. மூன்று வாரம். என் டேப்பும் அதையேதான் சொன்னது, இடுப்பில் அரை விரற்கடைகூடக் குறையவில்லை. ஆலோசகர் நோட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "வேற எதுவுமே சாப்பிடலையா?" என்றாள். "இல்லைம்மா" என்றார் அண்ணி.

எனக்குக் கெட்ட புத்தி வந்தது. பயம் வந்தால் எனக்கு முதலில் வாய்தான் திறக்கும். "இஷ்டமில்லைன்னா நேரா சொல்லிடுங்க அண்ணி. நோட்டுல ஒண்ணு, வாயில ஒண்ணுன்னு வேண்டாம்" என்றேன். மறுநாள் விடியலில் அதே கதவு திறக்கும் சத்தம், அதே செருப்புச் சத்தம்.

அந்த வாரம் தைத்த சட்டையைக் கொடுக்க ஆட்டோ பிடித்து அவருடைய அலுவலகத்துக்குப் போனேன். உண்மையில் வேவு பார்க்கத்தான் போனேன். சமையலறை ஓரத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காரவைத்தார். டிகாஷனை ஊற்றினார், பாலை ஊற்றினார், சர்க்கரையைக் கொட்டிக் கலக்கினார். பிறகு ஒரு சின்ன டம்ளரில் பாதி பிடித்து, நின்றபடியே மடமடவென்று குடித்தார். தலையை ஆட்டிக்கொண்டு ஃபிளாஸ்க்கை மூடினார்.

"அண்ணி, என்ன பண்றீங்க?"

"ருசி பார்த்தேன்."

"பாதி டம்ளரா?"

"சூடு, இனிப்பு, கசப்பு எல்லாம் தெரிய வேண்டாமா?"

"தினம் எட்டு தடவையும் இப்படித்தானா? நோட்டுல ஏன் எழுதல?"

உண்மையிலேயே புரியாமல் என்னைப் பார்த்தார். "இது குடிக்கிறதா? இது வேலைல்ல?" என்றவர், சொல்லி முடிப்பதற்குள் கையிலிருந்த டம்ளரையே வெறித்துக்கொண்டு நின்றார்.

"யாருண்ணி உங்களுக்கு இப்படி ஒரு பழக்கத்தைக் கத்துக் கொடுத்தது?" என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

"நீதான்" என்றார்.

கோபமே இல்லாமல் சொன்னார். அவர் கல்யாணமாகி வந்த முதல் வாரம். வீடு நிறைய விருந்தாளிகள். அவர் கொடுத்த காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, "சர்க்கரையே இல்ல. ருசி பார்த்துட்டுக் கொண்டுவரக் கூடாதா?" என்று எல்லோர் முன்னாலும் டம்ளரை நீட்டியிருக்கிறேன். எனக்கு அப்போது பதினேழு வயது. சத்தியமாக எனக்கு ஞாபகமில்லை. அவர் அதற்கப்புறம் யாருக்கும் ருசி பார்க்காமல் காபி கொடுத்ததில்லை. வேலைக்குப் போன இடத்தில் அதுவே அவருக்குப் பெயரும் வாங்கிக் கொடுத்துவிட்டது.

அந்தச் சின்ன டம்ளரைக் கழுவி என் பையில் போட்டார். "எடுத்துட்டுப் போயிடு" என்றார்.

அன்றிலிருந்து மூக்கை நம்பியும், கரண்டியில் எடுத்து ஊற்றும்போது தெரியும் நிறத்தை நம்பியும் காபி போட்டார். பத்தாவது நாள் சர்க்கரை போட மறந்துவிட்டார். நாலாவது மாடியிலிருந்து முப்பது கோப்பை திரும்பி வந்தது. மேனேஜர் கூப்பிட்டு, "ருசி பார்த்துட்டு அனுப்பக் கூடாதாம்மா?" என்று கேட்டாராம். "இனிமே முடியாது சார். வேணும்னா வேற ஆளைப் போட்டுக்குங்க" என்று சொல்லியிருக்கிறார் என் வாயில்லாப்பூச்சி. காரணம் சொல்லவில்லை. நான் அளவெடுத்துக்கொண்டிருந்தபோது, பேச்சோடு பேச்சாக இதைச் சொன்னார். அன்றைக்கு இடுப்பில் இரண்டு விரற்கடை குறைந்திருந்தது. டேப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இருபத்திரண்டு வருஷத்துப் பெயர் அவருடையது. உயிர் என்னுடையது. இப்படி ஒரு மனுஷியோடு ஒரே கூரைக்குக் கீழே இத்தனை வருஷம் இருந்தும், நான் பார்த்ததெல்லாம் அவர் போடும் காபியைத்தான்.

ஸ்கேன் சுத்தமாக வந்தது. அறுவை சிகிச்சை ஒன்பது மணி நேரம். அவர் வயிற்றிலும் ஒரு தையல், என் வயிற்றிலும் ஒரு தையல். டாக்டரைவிட நேராக நான் தைப்பேன் என்று சொல்லி, சிரிக்க முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டோம்.

மூன்று மாதம் கழித்து, இரண்டு பேருமே காபி குடிக்கலாம் என்றார்கள். மறுநாள் காலையில் அண்ணி என் கட்டிலருகே டம்ளரோடு வந்தார். "ருசி பார்க்கல. நீயே பார்த்துச் சொல்லு" என்றார்.

குடித்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சர்க்கரை கம்மிதானே?"

"ஆமா அண்ணி" என்றேன். கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு டம்ளரை நீட்டினேன். "இதே மாதிரி இன்னொண்ணு குடுங்க."